குளிரில் கிளம்பாத வண்டி

ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு ஸ்கூட்டர் வந்தது. இரண்டில் எது பெரிய விசேஷம் என்று விருதுநகரில் எங்கள் தெருவைக் கேட்டிருந்தால் ஸ்கூட்டர் என்றுதான் சொல்லியிருக்கும். மருமகள்கள் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஸ்கூட்டர் அதுதான் முதல்.

புது வண்டி இல்லை. அறுபதுகளின் நடுவில் புது ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது மதுரையில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த வண்டி. சாம்பலா பச்சையா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத நிறம். முன்பக்கத் தகட்டில் எங்கேயோ மோதிய ஒடுக்கு ஒன்று இருந்தது. அதன்மேல் என் மாமியார் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

என் வீட்டுக்காரர் விஸ்வநத்தம் போகிற பாதையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அதற்கு முந்தைய வருஷம்வரை காலை பஸ்ஸில் சிவகாசி போய், அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவார். போர்மேன் ஆன பிறகு அது ஒத்துவரவில்லை. வெடிமருந்து கலக்குகிற வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஸ்டோரைத் திறந்து மருந்தை நிறுத்துக் கொடுக்க அவர் எல்லோருக்கும் முன்னால் அங்கே நிற்க வேண்டும். சிவகாசிக்கே குடிபோய்விடலாம் என்றால் மாமனாரின் மல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் கடை விருதுநகரில் இருந்தது. ஒரே மகன். அதனால் வீடு இங்கே, வேலை அங்கே, நடுவில் இந்த ஸ்கூட்டர்.

என் பிறந்த ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்குக் கரிசல் நிலம். பருத்தியும் வத்தலும் விளையும், மழை பெய்தால். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். யார் பேசுவதை யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த வீட்டின் அமைதி பழக நாளானது. மாமனார் கடைக்குப் போய்விடுவார். மாமியார் பேசுவார், ஆனால் பாதி சாமியிடம். என் வீட்டுக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்வார். அந்தப் பதிலும் முடிந்தவரை ஒரு வார்த்தையில் இருக்கும். நடையும் மெதுவு, சாப்பாடும் மெதுவு. சட்டையில் பொத்தான் மாட்டுவதைப் பார்த்தால் நமக்கே பொறுமை போய்விடும். "மந்தமாப் பொறந்திருக்கான், நான் என்ன செய்ய" என்று மாமியார் அவர் காதுபடவே சொல்வார். அவர் அதற்கும் மெதுவாகச் சிரிப்பார்.

பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அப்போது இல்லை. எனக்கு அது ஒரு வகையில் வசதியாகவே இருந்தது. பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை.

ஸ்கூட்டரை இரவில் தெருவில் விட மாமனாருக்கு மனமில்லை. வாசற்படியில் பலகையைச் சாய்த்து உள்ளே ஏற்றி நடையில் நிறுத்துவார்கள். பனி இறங்கிவிடுமென்று கடையிலிருந்து காலி வத்தல் சாக்குகளைக் கொண்டுவந்து போர்த்துவார். காலையில் அந்தச் சாக்கை உருவியதும் வீட்டில் எல்லோரும் தும்முவோம். முதல் தும்மல் மாமனாருடையது, கடைசித் தும்மல் என்னுடையது. தும்மல் ஓய்ந்த பிறகுதான் வண்டியை வெளியே இறக்குவார்கள்.

கார்த்திகையில் வண்டி ஒழுங்காகத்தான் கிளம்பியது. மார்கழி பிறந்து நாலைந்து நாளில் அதன் குணம் தெரிந்துவிட்டது.

பெட்ரோல் குழாயைத் திறப்பார். சோக்கை இழுப்பார். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்துவார். பிறகு உதைப்பார். வண்டி இருமும், அவ்வளவுதான். இன்னொரு உதை. இன்னொரு இருமல். வேறு யாராவது இருந்தால் வெறிபிடித்ததுபோல் உதைத்துக்கொண்டே இருப்பார்கள். இவர் ஒரு உதைக்கும் அடுத்த உதைக்கும் நடுவில் நின்று வண்டியையே பார்ப்பார், அது யோசித்துப் பதில் சொல்லட்டும் என்பதுபோல். உள்ளே மாமியார் விளக்கேற்றி உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு உதைக்கும் அவருடைய சுலோகம் ஒருதரம் அறுபடும்.

முதலில் சில நாள் பால்காரர் தள்ளிவிட்டார். வீட்டு வாசலிலேயே மாட்டைக் கொண்டுவந்து கறந்து கொடுப்பவர். கறந்து முடித்து, மாட்டின் கயிற்றை எங்கள் ஜன்னலில் கட்டிவிட்டுத் தள்ளுவார். ஒரு நாள் பனி அதிகம். பால்காரர் வரவில்லை. உதையும் இருமலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறக்காமலேயே என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஏத்தா, நீ போய்த் தள்ளிவிட்டு வா. சாமி கும்பிடுத நேரத்துல கொல்லுதான்."

"நானா அத்தை?"

"பின்ன, நானா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். பால்காரரைத் தேடுவதுபோல் எனக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்தார். அப்புறம், "பின்னாடி ஸ்டெப்னியைப் பிடிச்சுத் தள்ளு. நான் சொன்னதும் விட்ரு" என்றார்.

தள்ளுவது கஷ்டமில்லை. கிணற்றில் கமலை இறைக்கவும் களத்துமேட்டுக்கும் பழகிய கை. கஷ்டம் கோலங்களில் இருந்தது. மார்கழி விடியலில் வீட்டுக்கு வீடு வாசலை அடைத்துக் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்திருப்பார்கள். அந்தக் கோலங்களுக்கு நடுவில் ஸ்கூட்டர் போக வேண்டும். "மதினி, பாத்து, பூவு மேல ஏத்திராதீக" என்று ஒரு வாசலில் குரல் வரும். "இங்கன வளைச்சுப் போங்க" என்று எதிர் வாசலில் வழி சொல்வார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க, நான் குனிந்து தள்ள, வண்டி பாம்புபோல் வளைந்து வளைந்து தெருமுனைக் குழாயடிக்குப் போய்ச் சேரும். அங்கேயிருந்து பாதை இறக்கம். ஏறி உட்கார்ந்து இரண்டாவது கியரில் போட்டு, "தள்ளு" என்பார். முழு மூச்சாகத் தள்ளுவேன். கிளச்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர்பெறும். நான் புகைக்குள் நிற்பேன். புகை கலைகிறபோது அவர் பஜார் திரும்பியிருப்பார்.

மறுநாள் பால்காரர் வந்தார். ஆனாலும் நான்தான் தள்ளினேன். யாரும் அதை முடிவு செய்யவில்லை. அப்படியே ஆகிவிட்டது.

வீட்டு வாசலிலிருந்து குழாயடிவரை போகிற அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. இன்னைக்குப் பனி சாஸ்தி என்பார். ஆமா என்பேன். ஒரு நாள் நானே கேட்டேன்.

"இது ஏன் காலையில மட்டும் இப்படி மக்கர் பண்ணுது?"

"பெட்ரோல் ஆவியாகணும். ஆவியானாத்தான் தீப்பிடிக்கும். குளிர்ல ஆவியாக மாட்டேங்கு."

"நம்ம ஊர்க் குளிருக்கா?"

"பழைய வண்டி. அதுக்கு இதுவே சாஸ்தி."

கல்யாணமான பிறகு அவர் என்னிடம் ஒரே மூச்சில் சொன்ன மிக நீளமான விஷயம் அதுதான். தீப்பிடிப்பதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்ததைக் கவனித்தேன்.

தள்ளியும் கிளம்பாத நாட்கள் உண்டு. அப்போது வண்டியை வாசலுக்கே திருப்பிக்கொண்டுவந்து, பக்கத்து மூடியைக் கழற்றி, பிளக்கை வெளியே எடுப்பார். அதன் நுனி எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்திருக்கும். அதைத் துணியால் துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, காற்றில் ஆறவிட்டு, கையையும் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வருவார். பெட்ரோல் வாசனை துளிகூட இல்லை என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் என் கையில் கொடுப்பார். நான் அதை இடுக்கியில் பிடித்துத் தணலில் காட்டிச் சுடவைப்பேன். சுடச்சுடத் துணியில் சுற்றிக்கொண்டு போய் மாட்டி உதைத்தால் வண்டி பெரும்பாலும் கிளம்பிவிடும்.

மாமியாருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "சாமிக்குப் பொங்கல் வைக்கிற அடுப்புல இரும்பைச் சுட்டுத் திங்குதீகளே" என்றார். ஆனால் இரண்டாம் முறை நான் பிளக்கை வாங்கியபோது, அவரே விறகை உள்ளே தள்ளித் தணலை முன்னால் இழுத்துவிட்டார். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும்.

மார்கழி பாதிக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு காலை அவர் உதைத்தபோது கிக்கர் திருப்பி அடித்தது. கம்பி விசையோடு மேலே வந்து அவருடைய வலது கணுக்காலுக்கு மேலே எலும்பில் இறங்கியது. அவர் கத்தவில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பெட்ரோலை மூடிவிட்டு, அப்புறம்தான் படியில் உட்கார்ந்தார். நான் போய்ப் பார்ப்பதற்குள் அந்த இடம் புடைத்துவிட்டது. மாமியார் நல்லெண்ணெயும் மஞ்சளும் சூடு பண்ணிக்கொண்டு வந்து போட்டார். எலும்பு முறியவில்லை, விரலை அசைக்க முடிந்தது. ஆனால் ஊன்றி உதைக்க முடியாது.

"இன்னைக்கு லீவு போடு" என்றார் மாமனார்.

"ஸ்டோர் சாவி என்ட்ட இருக்கு. அம்புட்டுப் பேரும் வந்து வெயில்ல நிப்பாங்க."

காலை பஸ் போயிருந்தது. அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ உதைக்கியா?"

மாமனார், மாமியார் இருக்கும்போதே அதைக் கேட்டார்.  நான் தெருவில் இறங்கினேன். "வெறுங்கால்ல வேண்டாம்" என்று தன் செருப்பைக் கழற்றித் தள்ளினார். அது எனக்குப் படகு மாதிரி இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டுப் பெண்கள் கோலமாவும் கையுமாக நிமிர்ந்துவிட்டார்கள்.

"அவசரப்படாதே. மொதல்ல மெல்ல அமுக்கிப் பாரு. ஓரிடத்துல கனக்கும். அந்த இடத்துலருந்து மிதி. மிதிச்சதும் காலை எடுத்துரு."

அமுக்கினேன். கனத்தது. மிதித்தேன். வண்டி இருமியது. எனக்குக் காலை எடுக்கத்தான் அவசரம், மிதிக்க இல்லை. "பயப்படுதே. அதுக்குத் தெரிஞ்சுபோகும்" என்றார். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த மிதியில் முழுப் பாரத்தையும் இறக்கினேன். வண்டி கிளம்பிவிட்டது. நானே அதை எதிர்பார்க்கவில்லை. சத்தம் வந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து பிடித்துக்கொண்டார்.

மாமியார் வாசலுக்கு வந்தார். "காலையில கிளப்பியாச்சு. சாயங்காலம் அங்கன யாரு கிளப்புவா?"

அவர் சோக்கை மெதுவாக உள்ளே தள்ளினார். வண்டியின் சத்தம் சீரானது. "இவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து மாமனார், "போயிட்டு வரட்டும். இவனும் ஒத்தக் காலோட போறான், கூட ஒரு ஆளு இருந்தா நல்லதுதான்" என்றார். மாமியார் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவருடைய கம்பளிச் சால்வை கையில் இருந்தது. அதை என் தலையோடு சேர்த்துச் சுற்றிவிட்டார்.

நான் ஸ்கூட்டரில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. காலில் பிரேக்கை மிதிக்க முடியாததால் கைப்பிரேக்கை நம்பி மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினார். அப்படியும் காற்று சால்வைக்குள் புகுந்து காதைக் கடித்தது. கண்மாய்க்கரையில் பனி வெள்ளையாக நின்றது. கருவேல மரங்களின் தலை மட்டும் அதற்கு மேலே தெரிந்தது. சிவகாசிப் பக்கம் காகிதக் கட்டு ஏற்றிக்கொண்டு போகும் மாட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்காரர்கள் சாக்குக்குள் சுருண்டு தூங்க, மாடுகள் தாமாகவே நடந்தன. திருத்தங்கல் தாண்டும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தேன். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது அவர் தோளைப் பிடித்தேன். பிறகு கையை எடுக்கவில்லை. 

கம்பெனிக்கு வெகு முன்னாலேயே ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடினார். "இதுக்கு மேல வண்டி போகக் கூடாது" என்றார். நடந்தோம். முள்வேலிக் கேட்டில் நின்ற காவல்காரர் அவருக்குக் கும்பிடு போட்டார். உள்ளே போகிறவர்களிடம் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் காவல்காரரின் வேலை. ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரே இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். என் முறை வந்ததும் காவல்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

"எல்லார்ட்டயும் கேக்கிறதை இவட்டயும் கேளுங்க" என்றார் அவர்.

காவல்காரருக்குச் சங்கடம். தலையைச் சொறிந்துகொண்டு, "தாயி, மடியில ஒண்ணுமில்லைல்லா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கை தானாக இடுப்புக்குப் போனது. காலையில் அடுப்பு மூட்டிவிட்டுத் தீப்பெட்டியை இடுப்பில் செருகியிருந்தேன். அது அங்கேயே இருந்தது. எடுத்து நீட்டினேன். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். எங்கள் வீடாக இருந்தால் அப்பா போடுகிற சத்தம் வெம்பக்கோட்டை முழுக்கக் கேட்டிருக்கும். இவர் அந்தத் தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் காவல்காரரிடம் கொடுத்தார். "இன்னொரு தடவை நல்லாப் பாத்துக்கோ. தாவணி, சால்வை எல்லாம்" என்றார். சேலையைத் தாவணி என்று வாய் தவறிச் சொன்னதிலிருந்துதான் அவரும் கலங்கியிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. நான் சால்வையை உதறிக் காட்டினேன். "சரி, வா" என்றார்.

என்னைக் காகிதக் குழல் சுற்றுகிற கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். அங்கே மருந்து கிடையாது, காகிதமும் பசையும் மட்டும்தான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கம்பியில் காகிதத்தைச் சுற்றி உருட்டித் தள்ளினார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். போர்மேன் வீட்டு அம்மா என்று முதலில் தள்ளி உட்கார்ந்தவர்கள், நானும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டதும் நெருங்கி வந்துவிட்டார்கள். நான் சுற்றிய குழல்கள் சுருக்கம் விழுந்து, சோளத்தட்டை மாதிரி இருந்தன.

அங்கிருந்து பார்த்தால் வேப்ப மரங்களுக்கு நடுவில் மருந்து அறைகள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் இருந்தன. அவர் நொண்டிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போய் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். உள்ளே பார்ப்பார். ஏதோ சொல்வார். உள்ளே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். சத்தமே கேட்கவில்லை. அந்த இடம் முழுவதும் யாரும் சத்தமாகப் பேசவில்லை, யாரும் எதையும் வீசவில்லை, இழுக்கவில்லை. எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறுமி தூக்குச்சட்டியோடு அறைகளுக்கு நடுவில் ஓடிவந்தாள். அவர் கையை உயர்த்தினார். சிறுமி நின்றுவிட்டாள். அவர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து என்னவோ சொன்னார். அவள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்து நடந்து வந்தாள். அவள் வந்து சேரும்வரை அவர் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுக எப்பவும் இப்படித்தானா?" என்று என் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். நடுத்தர வயது. கை தன்பாட்டில் குழல் சுற்றிக்கொண்டிருந்தது.

"சத்தம் போட்டுக் கேட்டதே இல்ல தாயி. ஓடினா மட்டும் விடமாட்டாக." கொஞ்சம் நிறுத்தி, "இவுக முந்தி வேலை பாத்த இடத்துல ஒரு பய மருந்துத் தட்டோட ஓடி விழுந்துட்டான். உள்ள போய்த் தூக்கியாந்தது இவுகதான். உங்கட்டச் சொல்லலையா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பையன் பிழைத்தானா என்று நான் கேட்கவில்லை.  நான் கம்பியில் காகிதத்தைச் சுற்றினேன். அவர் பொத்தான் மாட்டுவதும், சாப்பிடுவதும், இரண்டு உதைக்கு நடுவில் நிற்பதும் எனக்குள் ஒவ்வொன்றாக வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. வீட்டில் அவரை மந்தம் என்று சொல்லும்போது நானும் மனதுக்குள் ஆமாம் போட்டிருக்கிறேன். அவர் மந்தமில்லை. தன்னை அப்படி நடக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் வேலை விட்டதும் காவல்காரர் தீப்பெட்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். வேப்ப மரத்தடிக்கு வந்தோம். காலையில் நிழலில் விட்ட வண்டிமேல் மதியத்திலிருந்து வெயில் விழுந்திருந்தது. தகட்டைத் தொட்டால் சுட்டது. வேலை விட்டுப் போகிற பெண்கள் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். போர்மேன் சம்சாரம் வண்டியை உதைக்கப் போகிறாள் என்ற செய்தி அதற்குள் பரவியிருந்தது. நான் சேலையைச் செருகிக்கொண்டு, பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு, மெல்ல அமுக்கிக் கனக்கிற இடத்தைத் தேடினேன். தேடும்போதே வண்டி கிளம்பிவிட்டது. நான் மிதிக்கவே இல்லை.

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

"சாயங்காலத்துல இது எப்பவும் இப்படித்தான் கிளம்புமா?"

"ம்."

"ஒத்தக் கால்லயே நீங்க கிளப்பிருக்கலாம்."

"கையால அமுக்கினாலே கிளம்பும். மத்தியானத்துலருந்து வெயில்ல கிடந்த வண்டி."

"அப்பொறம் என்னைய எதுக்குக் கூட்டியாந்தீக?"

 பதில் சொல்லமாட்டார் என்று நான் விட்டுவிட்டேன். திருத்தங்கலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைக்காமல், வண்டியை நின்ற இடத்திலேயே உறுமவிட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"நான் எங்க போறேன், என்ன செய்யுதேன்னு நீ பாக்கணும்னு இருந்துச்சு. வாயால சொன்னா எனக்குச் சரியா வராது."

ரயில் போனது. கேட்டைத் திறந்தார்கள்.

அந்தப் பெண் சொன்ன சம்பவத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. பல வருஷம் கழித்து வேறொரு சந்தர்ப்பத்தில் அவராகச் சொன்னார். அந்தப் பையன் பிழைக்கவில்லை.

வீட்டு வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். "கிளம்புச்சா?" என்று கேட்டார்.

"கிளம்புச்சு அத்தை. நான் போனது நல்லதாப் போச்சு" என்றேன். என் வீட்டுக்காரர் பலகையைச் சாய்ப்பதில் மும்முரமாக இருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கால் வீக்கம் வடியப் பொங்கல் ஆகிவிட்டது. அதுவரை தினமும் காலையில் நான்தான் உதைத்தேன். அதற்குப் பிறகும் சில நாட்கள் உதைத்தேன். தெருவில் என்னை முதலில் மல்லிக்கடை மருமகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஸ்கூட்டர் மதினி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தை பிறந்ததும் பனி குறைந்தது. மாசியில் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அவர் நடையிலிருந்து வண்டியை இறக்குவார், உதைப்பார், போய்விடுவார். நான் அடுப்படியில் இருந்தபடி சத்தத்தை மட்டும் கேட்பேன். பேச்சு நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. நிற்கவில்லை. சாயங்காலம் வந்ததும் தொட்டியடியில் கைகால் கழுவும்போது, தண்ணீர் ஊற்றுகிற என்னிடம் அன்றைக்குக் கம்பெனியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். புது ஆர்டர் வந்தது, மழை வரும் என்று காயப்போட்ட வெடியை உள்ளே எடுத்தது, இப்படி. வாயால் சொல்ல வராது என்றவர் ஓரளவு நன்றாகவே சொன்னார்.

அடுத்த மார்கழியில் எனக்கு ஏழாம் மாதம். குனியக் கூடாது, தள்ளக் கூடாது என்று மாமியார் உத்தரவு. பால்காரர் மாட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போயிருந்தார். ஒரு விடியலில் உதையும் இருமலும் வெகுநேரம் கேட்டது. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். மாமியார் விளக்குக்கு முன்னால் இல்லை. தெருவில் இருந்தார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஸ்டெப்னியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மாமனார் துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து, கோலம் இல்லாத இடமாகப் பார்த்து வழிகாட்டினார். மாமியார் தள்ளுவதற்கு நடுநடுவே மகனை ஏசுவதும், முருகனைக் கூப்பிடுவதும் மாறி மாறிக் கேட்டது. குழாயடியில் வண்டி உயிர்பெற்றது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் வாசலில் என்னைப் பார்த்ததும், "பனியில ஏன் நிக்கிறே, உள்ள போ" என்று அதட்டினார். அன்று காலைப் பூஜை கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது.

மகள் பிறந்த பிறகு மாமனார் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டார். எல்லோருமாகச் சிவகாசிக்குக் குடிபோனோம். கம்பெனிக்கு அங்கிருந்து சைக்கிளே போதும். ஸ்கூட்டரை வாங்கிக்கொள்ளச் சாத்தூரிலிருந்து ஒரு காகித ஏஜெண்ட் வந்தார். சித்திரை மாதத்து உச்சி வெயில். தொட்டதுமே வண்டி கிளம்பியது. ஏஜெண்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவர் சும்மா இருந்திருக்கலாம்.

"மார்கழியில காலையில கிளம்பாது. பிளக்கைச் சுடவைக்கணும். தள்ள ஒரு ஆளு வேணும்" என்றார்.

ஏஜெண்ட் கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.